சிறு நாணயக் கிடங்காக அங்கீகாரம் கோரும் விண்ணப்பம்

பெறுநர்:
கரன்சி மேலாண்மைத் துறை,
இந்திய ரிசர்வ் வங்கி, மைய அலுவலகம்,
மும்பை.

பொருள்: வீட்டுச் சலவை இயந்திரங்களைச் சிறு நாணயக் கிடங்குகளாக அங்கீகரித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய துறையினருக்கு,

நாணயங்களை அடிப்பது மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய இடங்களிலுள்ள மத்திய அரசின் நாணயச்சாலைகளுடைய பணி என்பதும், அவற்றை மக்களிடம் சேர்ப்பது ரிசர்வ் வங்கியின் பணி என்பதும், அதன் பொருட்டுச் சில வங்கிக் கிளைகளில் சிறு நாணயக் கிடங்குகள், அதாவது சில்லறைக் காசுகளைச் சேர்த்துவைத்து வேண்டிய இடத்திற்கு வழங்கும் காப்பறைகள், இயங்க அனுமதி வழங்கப்பட்டுள்ளது என்பதும் துறையினர் அறிந்தவையே. இதே பணியின் முற்பாதியை, அதாவது சேர்த்துவைத்தலை மட்டும், உரிமமோ வாடகையோ துப்பாக்கி ஏந்திய காவலரோ இன்றி வீட்டுச் சலவை இயந்திரங்கள் பல்லாண்டுகளாகச் செய்துவருவது துறையின் பார்வைக்கு வந்ததாகத் தெரியவில்லை.

முன்புறக் கதவுடைய சலவை இயந்திரத்தில், துணி சுழலும் துளையிட்ட எஃகு உருளை ஒன்றும், அதைச் சூழ்ந்து தண்ணீரைத் தாங்கும் தொட்டி ஒன்றும் உண்டு. முன்னதை டிரம் என்றும் பின்னதை டப் என்றும் மெக்கானிக்குகள் வழங்குவர். கதவைச் சுற்றி நீர் கசியாமல் காக்கும் மடிப்புடைய ரப்பர் வளையம் கேஸ்கெட் ஆகும். டிரம்மின் துளைகள் காசு நுழைய இடங்கொடாத அளவுக்குச் சிறியவையாதலால், கால்சட்டைப் பையிலிருந்து ஈரத்துணியோடு புரண்டு வெளியேறும் நாணயம் முதலில் கேஸ்கெட்டின் மடிப்பில் தங்கி, பின்னர் டிரம்மின் விளிம்புக்கும் கேஸ்கெட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் பக்கவாட்டில் நழுவி, டப்பின் அடியில் போய் விழுகிறது. துணி பிழியப்படும் கட்டத்தில் அங்கிருந்து எழும் கடகட ஓசையை வைப்புத்தொகை பெறப்பட்டதற்கான ரசீதாகக் கொள்ளலாம். எழுத்துவடிவிலான ரசீது எதுவும் வழங்கப்படுவதில்லை. பிறகு கழிவுநீரோடு தடித்த ரப்பர்க் குழாய் வழியே இறங்கும் நாணயம், நீரை வெளியேற்றும் பம்ப்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியில் தடுத்து நிறுத்தப்படுகிறது. 2011ஆம் ஆண்டு வரிசையில் 22 மி.மீ. விட்டமுடையதாக இருந்த ஒரு ரூபாய் நாணயம் 2019இல் அறிவிக்கப்பட்ட வரிசையில் 20 மி.மீ. ஆகச் சுருங்கியது இக்குழாய்ப் பயணத்தை எளிதாக்கும் நோக்கத்தோடுதானா என்பதையும், அவ்வாறெனில் ஐந்து ரூபாய் நாணயம் மட்டும் 23இலிருந்து 25 மி.மீ. ஆகப் பெருத்தது ஏன் என்பதையும் துறை விளக்கினால் ஆய்வாளர்கள் பயனடைவர்.

பணம் எடுக்கும் நடைமுறை, வைப்பைப்போல் எளிதன்று. பிளக்கை மின் இணைப்பிலிருந்து நீக்கி, தண்ணீர்க் குழாயை மூடி, வெந்நீரில் துவைத்திருந்தால் அது ஆறும்வரை காத்திருந்து, இயந்திரத்தின் முன்புறம் கீழ்மூலையிலுள்ள சிறு மூடியைத் திறக்கவேண்டும். பல இயந்திரங்களில் இம்மூடியின் பிளவில் ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பியே திறக்க இயலும் என்பதால், உள்ளே சிக்கிய காசை மீட்க வெளியே ஒரு காசு கையிருப்பில் இருந்தாகவேண்டும். பிணை இன்றிக் கடன் இல்லை என்னும் வங்கியியல் கோட்பாட்டை இத்துணைத் தூய்மையாகக் கடைப்பிடிக்கும் கிளை வேறொன்று இருப்பது ஐயமே. மூடிக்குப் பின்னே மெல்லிய வடிகுழாய் இருப்பின் அதன் அடைப்பானை நீக்கித் தேங்கிய நீரைத் தட்டையான தட்டில் வடித்து, தட்டு நிரம்ப நிரம்ப அடைத்தும் திறந்தும், நீர் நின்றபின் வடிகட்டியின் திருகை இடப்புறமாக மெல்லத் திருப்பி வெளியே இழுக்கவேண்டும். பொறுமையின்றி ஒரேயடியாகத் திருகியவர்களின் வீடுகளில் குளியலறைக்கும் கூடத்திற்கும் வேறுபாடு இல்லாமற்போகும். வெளிவருவது நாணயம் மட்டுமன்று; ஹேர்பின், ஊக்கு, சட்டைப் பொத்தான், தலைமுடியும் நூலும் திரண்ட சாம்பல்நிறக் கட்டி ஆகியனவும் அதே இருப்பில் உள்ளடங்கும். அதன்பின் டார்ச் வெளிச்சத்தில் பம்ப்பின் சிறு விசிறி தடையின்றிச் சுழல்கிறதா என்பதையும் பார்த்தாகவேண்டும். உள்ளாடையின் வளைகம்பி போன்றவை டிரம்மின் துளை வழியாகவே டப்புக்குள் புகுந்து, வடிகட்டியை எட்டாமல் நின்றுவிடுவதுண்டு. அத்தகையவற்றை நீர்சூடேற்றும் ஹீட்டரைக் கழற்றி, அந்தத் துவாரத்தின் வழியே எடுப்பது மெக்கானிக்கின் வேலை. மேற்புறம் திறக்கும் இயந்திரங்களிலோ அடியில் சுழலும் தட்டான பல்சேட்டரின் நடுத்திருகைக் கழற்றித் தூக்கினால் சேமிப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அவற்றில் வங்கி இரகசியம் என்பது குறைவே.

அங்கீகாரம் கோருவதற்கான முதன்மைக் காரணம் பத்து ரூபாய் நாணயம். அதில் 10 கோடுகள் இருந்தால் செல்லும், 15 கோடுகள் இருந்தால் செல்லாது என்றும், ரூபாய்க் குறியீடு இல்லாதது போலி என்றும் வதந்திகள் உலவியதால், பேருந்து நடத்துநர் முதல் மளிகைக் கடைக்காரர் வரை பலரும் அதை வாங்க மறுத்தது தமிழ்நாட்டார் நன்கறிந்த செய்தி. 14 வடிவங்களில் வெளியான பத்து ரூபாய் நாணயங்கள் அனைத்தும் செல்லத்தக்கவை என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்ததோடு, ஐயமுற்றோர் கேட்டறிய 14440 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணையும் ஏற்படுத்தியது. கடைக்காரர்கள் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்த அக்காலம் முழுவதும் பதினான்கு வடிவங்களையும் ஒரு வினாவும் எழுப்பாமல் ஏற்றுக்கொண்ட ஒரே நிறுவனம் சலவை இயந்திரமே. மிகையார்வத்தில் அது 2011 ஜூன் 30உடன் செல்லாமற்போன நாலணாவையும் ஏற்றுவருகிறது என்ற குறைபாட்டை மறைக்க விண்ணப்பத்தில் முயற்சி இல்லை. பால் கவர்த் துணுக்கையும் அதே மரியாதையோடு ஏற்கும் நிறுவனத்திடம் அரசிதழ் வாசிப்பை எதிர்பார்ப்பது முறையன்று.

செலவுக் கணக்கையும் துறை கருதவேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தை அடிக்க 1 ரூபாய் 11 காசு ஆகிறது என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 2018இல் வெளியான செய்தி. வீட்டாரால் முடியாமல் மெக்கானிக்கை அழைத்தால், அவர் வாசற்படி ஏறுவதற்கே கேட்கும் விசிட்டிங் சார்ஜ் அந்நாணயத்தின் மதிப்பைப் பல நூறு மடங்கு விஞ்சும். அடிப்பதில் அரசுக்கும் மீட்பதில் குடிமக்களுக்கும் நட்டம் என இழப்பு நேர்மையாகப் பங்கிடப்படுவதால், இதனைப் பொது – தனியார் கூட்டுத் திட்டமாக வகைப்படுத்துவதில் தடை இருக்காது.

வைப்பாளர் – பயனாளர் உறவிலும் ஒரு சிக்கல் உண்டு. வைப்புச் செய்வோர் பெரும்பாலும் பையைத் துழாவாமல் கால்சட்டையைக் கூடையில் எறியும் ஆண்கள். தரையில் குந்தி, தட்டேந்தி, சேற்றுநீரில் விரல்விட்டு அதை மீட்போர் பெண்கள். மீட்கப்பட்ட காசு சாமிபட உண்டியலுக்கா, கடுகு டப்பாவுக்கா, ‘அது என்னுடையது’ என்று தாமதமாக நினைவு திரும்பிய வைப்பாளருக்கா என்பதில் ஒருமித்த நடைமுறை இல்லை. பையின் சொந்தக்காரருக்கே பையைச் சோதிக்கும் கடமையும் உண்டு என்ற எளிய விதி எந்த வீட்டிலும் எழுத்தில் இல்லாததால், பொதுமக்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவரும் ‘ஆர்பிஐ கஹ்தா ஹை’ பிரசாரத்தில் இதையும் ஒரு வரியாகச் சேர்க்கக் கோரப்படுகிறது. அதில் தோன்றிய அமிதாப் பச்சன் சொன்னால் சில வீடுகளிலாவது கேட்பார்கள்.

ரூபாய் நோட்டுகளைப் பொறுத்தவரை, கசங்காத, கறைபடாத நோட்டுகளையே புழக்கத்தில் விடவேண்டும் என்ற வங்கியின் தூய நோட்டுக் கொள்கையை இயந்திரங்கள் தேவைக்கு மேலாகவே நிறைவேற்றுகின்றன. நோட்டு பருத்தியால் ஆனதாகையால் ஒரு துவைப்பைப் பெரும்பாலும் தாங்கும். தாங்காமல் கிழிந்தால், இருபது ரூபாய் வரையிலான நோட்டில் பாதிக்குமேல் ஒரே துண்டாக எஞ்சியிருக்கும்போது முழு மதிப்பும் தரப்படும் என்று வங்கியின் விதிகளே கூறுவதால், இதில் புதிய சலுகை எதுவும் கேட்கப்படவில்லை.

மேற்கண்டவற்றைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இங்ஙனம்,
சலவை இயந்திரமுள்ள வீடுகளின் சார்பில்.

இணைப்பு: அண்மை இருப்பெடுப்பில் கிடைத்த பத்து ரூபாய் நாணயம் ஒன்று, ஒரு ரூபாய் நாணயங்கள் மூன்று, ஊக்குகள் இரண்டு. நாணயங்களைத் துறையே வைத்துக்கொள்ளலாம். ஊக்குகள் வீட்டில் புழங்குபவையாதலால் அவற்றை மட்டும் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பவும்.