விலை கேட்பவர்

செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையோரத் தேநீர்க் கடைகளில் காணக்கிடைக்கும் மனித வகைகளுள், எதையும் வாங்காமல் எல்லாவற்றுக்கும் விலை கேட்டு வைப்பவர் தனி ஆய்வுக்கு உரியவர். பழைய புல்லட், பழைய ஜாவா, நெல் அறுக்கும் இயந்திரம் எனப் படிப்படியாக உயர்ந்து வந்த இவர், இறுதியில் வானில் குட்டிக்கரணம் அடிக்கவும் தலைகீழாகப் பறக்கவும் வல்ல, இறக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த, ஒற்றை இருக்கைச் சாகச விமானம்வரை வந்து சேர்வதில் வியப்பில்லை. முரட்டுக் குதிரையைத் தனியொருவனாக அடக்கியதாகக் கதைப்பாடல் புகழும், 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட தேசிங்குராசனின் ஊர் அல்லவா!

இவருடைய அறிவைக் குறைத்து மதிப்பிடுவோர் ஏமாறுவர். அமெரிக்கரான கர்ட்டிஸ் பிட்ஸ் 1944இல் பறக்கவிட்ட பிட்ஸ் ஸ்பெஷல் என்னும் அவ்வகை விமானம் வெறும் 55 குதிரைத்திறன் எஞ்சினோடு தொடங்கியது என்பதையும், நீண்ட இறக்கை ஒன்றுக்கு மாற்றாகக் குட்டையான இரண்டை வைத்துக் கம்பிகளால் இழுத்துக் கட்டினால் வலுவும் கூடும், பக்கவாட்டில் உருள்வதும் விரைவாகும் என்பதையும் தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிப்பார். எஞ்சின் திறன் குறைந்த விமானம் மூக்கைக் கவிழ்த்துக் கீழே பாய்ந்து வேகம் சேர்த்த பின்னரே வட்டமடிக்க இயலுமாதலால், ஒவ்வொரு வித்தைக்கும் சிறிது உயரத்தைச் செலவழிக்க வேண்டியிருக்கும். சுமார் 800 அடி உயரமுள்ள, செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக் குன்றில் மூச்சிரைக்க ஏறியவர்களுக்கு அந்தச் செலவின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

தொலைபேசியில் விற்பவர் அகப்பட்டதும், "சிங்கிள் ஓனரா? இஞ்சின் பிரிச்சதா? கடைசி விலை என்ன?" என்னும் மூன்று கேள்விகளும், புல்லட்டுக்குக் கேட்ட அதே வரிசையில் வெளிப்படும். அதன்பின், எஞ்சின் ஓடிய மணிநேரத்தைப் பதியும் குறிப்பேடு, இறக்கையின் உள்ளே உள்ள மரச்சட்டத்தின் உளுப்பு, கவிழ்ந்து பறக்கையிலும் பெட்ரோலும் எண்ணெயும் தடையின்றிப் பாய்வதற்கான தனி அமைப்பு ஆகியவற்றை முறையாக விசாரிப்பார். இறக்கைமேல் போர்த்திய துணியை எப்போது மாற்றினார்கள் என்று இவர் உரக்கக் கேட்கும்போது, கடைக்காரர் இவருக்கு ஜவுளி வியாபாரமும் உண்டு என்று முடிவு கட்டிவிடுகிறார். விமானத்தை நிறுத்துவதற்கு உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் கிடக்கிறது என்பது இவருடைய துணிபு. யாரிடம் அனுமதி பெறுவது என்பதை ஏனோ இவர் விசாரிப்பதில்லை.

பழைய வண்டி வாங்கும் நம் மரபில், பின்னிருக்கையில் அமர்ந்து எஞ்சின் ஓசைக்குச் செவிசாய்த்து, ஏதேனும் ஒரு குறை சொல்லும் மைத்துனர் இன்றியமையாதவர். ஒற்றை இருக்கை விமானத்திலோ மைத்துனருக்கு மட்டுமன்றி, கற்றுக்கொடுக்கும் ஆசிரியருக்கும் இடமில்லை; முதற்பறப்பே தனிப்பறப்பு. போதாக்குறைக்கு, வால்சக்கரத்தின்மேல் சாய்ந்து நிற்கும் அதன் நிமிர்ந்த மூக்கு, தரையிறங்கும்போது எதிரே உள்ள ஓடுதளத்தை மறைத்துவிடும். பிறர் அஞ்சும் அந்த ஒற்றை இருக்கைக் குறைபாடே இவருக்கு வாய்த்த பெரும்பேறு. பேரம் முற்றி, விற்பவர் இவர் கேட்ட விலைக்கே இறங்கிவந்துவிடும் அந்த அபாயமான நொடியில், கம்மிய குரலில் இவர் சொல்வார்: "எல்லாம் சரிங்க, மச்சான் உட்கார்ந்து பார்க்க இடமில்லையே!"