'இங்ஙனம்' இரண்டாந் தாள் புகுந்த ஆராய்ச்சி

வேர்டிலே தட்டிய கடிதத்தை அச்சிடுமுன் திரையில் நோக்குதலாகிய கிரியையைக் கணினி நூலார் 'அச்சு முன்னோட்டம்' என்பர். கொத்மலைப் பக்கத்துக் கொமியூனிகேஷன் கடைகளிலோ 'பிரிவியூ' என்றே வழக்கு. பொருள் ஒன்றாயினும் பெயர் இரண்டாதலின், பெயராராய்ச்சிக்கே 300 பக்கம் செலவிடுதல் அறிஞர் மரபு. தாளுக்குக் காசு கொடுப்பவர் யாமாதலால் அதனைத் தவிர்த்தோம்.

கணினி விஷயத்தில் இவ்வூருக்குத் தனியுரிமையுண்டு. 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலி, 1990களின் கடைசியில் யுனெஸ்கோவின் துணையோடு, நேயர் விடுத்த வினாக்களுக்கு இணையத்தில் தேடி விடைகண்டு ஒலிபரப்பிற்று; அஃதாவது, பிறவூரார் இணையத்தைக் கண்ணாற் கண்டு ஐயுற, இவ்வூரார் காதாற் கேட்டுத் தெளிந்தனர். ஆகவே காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளுள் உரையே இங்கு முற்பட்டதென்பது எமது துணிபு.

முன்னோட்டம் காட்டும் குற்றங்கள் மூன்று. ஓரம் வெட்டுப்படுதல் முதலாவது. அதனை வெட்டுப்பட்ட தாளே சொல்லும்.

எழுத்துத் திரிதல் இரண்டாவது. பாமினி எழுத்துருவிலே தட்டிய கடிதம், பாமினியில்லாத கணினியில் திறந்தவுடன் உரோம எழுத்தாகி, புள்ளியெல்லாம் அரைப்புள்ளியாய் நிற்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி விதித்த தொல்காப்பியரும், அப்புள்ளியை அரைப்புள்ளியின் விசையில் இருத்திய பாமினியாரும் கலந்தாலோசியாமையே காரணம். இவ்வெழுத்து கல்லிற் கிடைத்திருப்பின், அதற்குக் காலங்கணித்தும், மறுத்தும், மறுப்பை மறுத்தும் மூவர் கலாநிதிப் பட்டம் பெற்றிருப்பர்.

மூன்றாவதே தலையாயது. தோட்டப் பாடசாலைக்குக் கரும்பலகை வேண்டி யாம் வரைந்த விண்ணப்பம் முதற் பக்கத்தை முழுதும் நிறைத்து, 'இங்ஙனம்' என்ற சொல் மட்டும் எமது பெயரோடு இரண்டாம் பக்கத்து உச்சியில், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுப் பனிக்குள் நிற்பவர்போல நின்றது. காரியம் காரணத்திலே முன்னரே உள்ளதென்னும் சற்காரியவாதத்தின்படி, அவ்விரண்டாந் தாள் எமது முதல் வாக்கியத்திலேயே சூக்குமமாய் இருந்திருத்தல் வேண்டும். காரியம் புதிதாய்த் தோன்றுமென்னும் நையாயிகர் வழி நிற்பின், பொறியைத் தொடாதவரை இரண்டாந் தாளுமில்லை, அதற்குக் காசுமில்லை. மாயாவாதி இரு தாளும் பொய்யென்பார். அவரிடம் கடைக்காரர் முற்பணம் கேட்பார். இதுபற்றி முன்னொருவர் நூல் செய்தனர், அந்நூல் கிடைத்திலது, அதன் உரையும் கிடைத்திலது, அவ்வுரையை மறுத்தார் கூற்று மட்டும் கரையான் தின்ற ஏட்டின் ஓரத்தில் இருந்தது, அவ்வோரம் பிரிவியூவில் வெட்டுப்பட்டது. 'வரிகளிடை வெளியைக் குறைத்தாலென்ன?' என்பார்க்கு, வெளியைப் பெருக்குதலன்றிக் குறைத்தல் ஆய்வேடெழுதிப் பழகியோர் அறியாத வித்தையென்க.

இவ்வளவும் யாம் எடுத்துரைத்து முடித்த காலை, கடையிலிருந்த பெண்பிள்ளை, "சேர், இது லெட்டர் சைஸ்ல இருக்கு. நம்ம தாள் ஏ4 தானே?" என்று எதையோ மாற்றினாள். லெட்டரின் உயரம் 279 மில்லிமீற்றர். ஏ4இன் உயரம் 297. அகலத்தில் 6 மில்லிமீற்றர் இழந்தும், உயரத்தில் வந்த அந்த 18க்குள் 'இங்ஙனம்' எமது பெயரையும் இழுத்துக்கொண்டு ஏறி அமர்ந்தது.

வேண்டாததாய்ப் போன இரண்டாந் தாளையும் யாம் காசு கொடுத்தே வாங்கினோம். இவ்வாராய்ச்சி அதன் இருபுறத்தும், ஓரம் விடாது, எழுதப்பெற்றது.