கோட்டுக்கு வெளியே அண்ணாச்சி

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடை முடிந்த கையோடு மின்னொளிக் கபடி நடக்கும். கபடி நடந்தால் கோட்டுக்கு வெளியே ஒரு அண்ணாச்சி இருப்பார். கழுத்தில் விசில், கக்கத்தில் ரெக்சின் பை, இரண்டடி தள்ளி நின்றாலே மூக்கில் ஏறும் தைல வாசம். ஊருக்கு அவர் கோச். அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது என்பதை அவர் வீட்டம்மா மட்டும் அவ்வப்போது ஞாபகப்படுத்துவார்.

ஆளை முகம் பார்த்து எடைபோடும் வழக்கம் அவருக்கு இல்லை, கெண்டைக்காலைத்தான் பார்ப்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை தாலி கட்டக் குனியும்போது, ‘இடுப்பு நல்லா வளையுது, கார்னருக்கு ஆவான்’ என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்வார்.

பையன் ரைடு போனால் இவரும் போவார். உள்ளே அவன் பாடுகிற 30 நொடியும் இவர் வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார். அவன் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டினால் இவர் காலும் தானாக நீளும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிரமுகர்கள் அனுபவப்பட்டு இப்போது நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். பையன் பாயிண்டோடு திரும்பி வந்து சாதாரணமாக நிற்பான். தண்ணீர் தெளிக்க வேண்டியது அண்ணாச்சிக்குத்தான்.

‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’ என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள். அண்ணாச்சிக்குப் பேச்சே அதற்கப்புறம்தான் ஆரம்பம். ‘யாரும் பிடிக்காம லாபியில கால் வச்சா அவுட்டுவே! ரூல் புக்கத் தொறந்து பாரும்!’ புத்தகம் பைக்குள் தயாராக இருக்கும், ஓரம் மடித்து. விதிப்படி டைம் அவுட் 30 நொடிதான். அண்ணாச்சி சண்டை பிடித்தால் பத்து நிமிஷம். பையன்கள் அதற்குள் நன்றாக மூச்சு வாங்கிக்கொள்வார்கள். தோற்கிற ஆட்டத்தில் மட்டும் அவருக்கு ஏன் இவ்வளவு சட்ட அறிவு வருகிறது என்று நடுவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

எடை பார்க்கும் நாளில் அவர் கொடுங்கோலர். சீனியர் ஆண்களுக்கு 85 கிலோதான் வரம்பு. 86இல் நிற்கும் பையனுக்கு ஸ்வெட்டரை மாட்டி உச்சி வெயிலில் ஓடவிட்டு, வேப்பமர நிழலில் புரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போட்டபடி, ‘வாயக் கட்டுலே!’ என்பார்.

யாராவது முட்டி வலி என்றால் போச்சு. 1994இல் ஹிரோஷிமாவில் ஆசியத் தங்கம் வென்ற மணத்தி கணேசன் பாடிய மண் தரையில் தொடங்கி, 40 வயதைத் தாண்டியும் 2016இல் பாட்னா அணிக்குக் கேப்டனாகப் புரோ கபடிக் கோப்பையைத் தூக்கிய தர்மராஜ் சேரலாதனிடம் வந்து நிற்பார். ‘அவருக்கு என்ன இரும்பு முட்டியாலே?’

2014இல் புரோ கபடி வந்தபின் ஏலத்தில் லட்சங்கள் புரள்கின்றன. அண்ணாச்சி அதில் மயங்கவில்லை. அவருக்குப் பெரிய பரிசு ஃபார்ம் 2, அதாவது மாநிலத்துக்காகத் தேசியப் போட்டி ஆடிய சான்றிதழ். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேக்குப் போக அது கைகொடுக்கும் என்பது அவர் நம்பிக்கை. ‘ஏலக் காசு கால் ஒடியற வரைக்கும்லே. ரயில்வே வேலைன்னா கால் ஒடிஞ்சாலும் சம்பளம்.’

போன சீசனில் அவரிடம் ஆடிய பையன் ஒருவன் டிவியில் வந்தான். ஒரே பிடியில் எதிரணி ரைடரைச் சாய்த்தபோது டீக்கடையே கைதட்டியது. அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்: ‘பிந்திட்டான், பிந்திட்டான்!’ ஆட்டம் முடிந்ததும் போனைப் போட்டு, வாழ்த்து ஒன்றும் சொல்லாமல், கணுக்காலை எங்கே பிடிக்க வேண்டும் என்று முக்கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். வைக்கிற நேரத்தில்தான் குரலைத் தாழ்த்தினார்.

‘ஏலே, ரயில்வேல ஆள் எடுக்கான். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ரெண்டு அனுப்பி வை.’