பன்னிரண்டு கம்பிக்காரர்

ஆனையூரில் வாழும் மனித வகைகளுள் பன்னிரு தந்திக் கிட்டார் வைத்திருப்பவர் எண்ணிக்கையில் மிகச் சிறுபான்மையினர். ஒலியளவில் அவ்வாறு சொல்ல இயலாது. 2011இல் இவ்வூர் நகராட்சி என்ற நிலையை இழந்து மதுரை மாநகராட்சியோடு இணைந்தபோது பலவும் மாறினவாயினும், மாலையில் மொட்டை மாடியேறிச் சுருதி சேர்க்கும் இவர் வழக்கத்தில் மாற்றமெதுவும் நேரவில்லை.

பன்னிரு தந்தி என்றவுடன் பன்னிரண்டு வெவ்வேறு சுரங்கள் என்று கொள்ளலாகாது. வழக்கமான கிட்டாரின் ஒவ்வொரு தந்திக்கும் அருகில் ஒரு துணைத் தந்தி கட்டி, ஆறு இணைகளாக்கிய கருவி இது. மெல்லிய முதலிரண்டு இணைகளில் துணைத் தந்தி அதே சுரத்திலும், ஏனைய நான்கில் ஒரு ஸ்தாயி உயர்ந்தும் ஒலிக்கும். இவற்றுள் மூன்றாம் இணையின் துணைத் தந்தி நொடிக்கு 392 அதிர்வுகள் கொண்டு, முதல் தந்தியின் 330ஐயும் விஞ்சி நிற்பதால், கருவியிலேயே மிக மெல்லியதும் அடிக்கடி அறுவதும் அதுவே. ஆறு தந்திச் செட்டு இரண்டு வாங்கினால் பன்னிரண்டு ஆகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கூட்டல் சரியே, ஆனால் தாழ்ந்த சுரத்துக்கென அமைந்த தடித்த தந்தியை உயர் ஸ்தாயிக்கு முறுக்கினால் அது அறுந்து முகத்தை நோக்கித் தெறிக்கும் என்பதால், இவ்வகையினர் கண்ணாடி அணிவது பார்வைக் குறைவால் மட்டுமன்று.

சித்திரை வெயிலில் எஃகுத் தந்தி சூடேறித் தொய்யச் சுருதி இறங்கும். ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்து உப்ப, ஏறும். ஆகவே பன்னிரண்டாம் தந்தியைச் சேர்த்து முடிக்கையில் முதல் தந்தி விலகிப் போயிருக்கும். "என்னண்ணே, இன்னும் டியூனிங்தானா?" என்று எதிர்மாடியிலிருந்து கேட்பவருக்கு இவரிடம் அறிவியல் முறையிலான விடை தயாராக உண்டு. 330 அதிர்வுடைய தந்தியும் 331 அதிர்வுடைய தந்தியும் ஒருங்கே ஒலித்தால், நொடிக்கு ஒருமுறை ஒலி பெருத்துச் சிறுக்கும். இந்த அலைவே இக்கருவியின் மினுமினுப்புக்குக் காரணம் என்பதால், சிறிது விலகியிருப்பது பிழையன்று, அழகு என்பார். சொல்வது உண்மைதான். எவ்வளவு சிறிது என்பதில்தான் தெருவுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு.

இவருக்கு விருப்பமான பாடல்களின் பட்டியல் நீளமானது. ஆனால் ஒவ்வொரு பாடலிலும் இவருக்கு விருப்பமான பகுதி முன்னிசை மட்டுமே, ஏனெனில் பல்லவி வருவதற்குள் மூன்றாம் இணை கலைந்துவிடும். முதலிடம் ஈகிள்ஸ் குழுவினர் 1976இல் வெளியிட்ட 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வுக்கு. அதன் முன்னிசைக்கு ஏழாம் கட்டத்தில் கேப்போ, அதாவது கழுத்தின் குறுக்கே பூட்டித் தந்திகள் அனைத்தையும் ஒருசேர அழுத்தும் கவ்வி, பொருத்த வேண்டும். பொருத்தியவுடன் அழுத்தத்தால் சுருதி மாறும். மாறியவுடன் பணி முதலிலிருந்து தொடங்கும். அடுத்தது 1975இல் வந்த, பிங்க் ஃபிளாய்டு குழுவினரின் 'விஷ் யூ வேர் ஹியர்'. அதன் முன்னிசை பழைய வானொலியிலிருந்து வருவதுபோல் ஒலிப்பதிவில் முயன்று உருவாக்கப்பட்டது. ஆனையூரில் அவ்விளைவு முயற்சியின்றியே கிட்டிவிடுகிறது.

வரலாற்றிலும் இவர் வல்லவர். இக்கருவியின் மன்னராகக் கொண்டாடப்பட்ட அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் லெட் பெல்லி, டெக்சாஸ் சிறையில் ஆளுநர் பேட் நெஃப் முன் பாடி, 1925இல் விடுதலை பெற்றதை விருந்தினர் எவருக்கும் சொல்லாமல் காப்பி தரமாட்டார். ஆளுநர் பாட்டில் உருகினாரா, அடுத்த பாட்டைத் தவிர்க்க விரும்பினாரா என்ற ஐயத்தை எழுப்பும் துணிவு இவர் மனைவிக்கு மட்டுமே உண்டு.

தெருவார் கேட்பதோ இளையராஜாவை. அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் இளையராஜா பிறந்தவர் என்பதால், கிட்டாரே இந்த மண்ணின் சரக்கு என்று உரிமை கொண்டாடும் இவர், 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'வைக் கேட்டால் மட்டும் நழுவுவார்: விரைந்தோடும் அத்தனிச்சுரங்களை இங்கே மீட்டினால் ஒவ்வொன்றும் துணைத் தந்தியையும் இழுத்துக்கொண்டு ஒலிப்பதோடு, ஒரு விரலால் இரண்டு கம்பிகளை அழுத்த வேண்டிய துன்பமும் சேரும். 'மூடுபனி' (1980) படத்தின் 'என் இனிய பொன் நிலாவே' நிதானமானது, அதற்கு உடன்படுவார். யேசுதாஸ் பாடத் தொடங்க வேண்டிய இடத்தில் எதிர்மாடிக்காரர் தாமே பாடிவிடுவதால், இவர் வாசிக்கும் பாடல்களுள் பல்லவியைக் கண்டது இது ஒன்றே.

ஆண்டுக்கொருமுறை உறவினர் திருமண வரவேற்பில் இவருக்கு மேடை கிட்டும். அங்கே மெல்லிசைக் குழுவின் கீபோர்டுகாரர், ஒரு பொத்தானை அழுத்திப் பன்னிரு தந்திக் கிட்டாரின் ஒலியை, சுருதி பிசகாமல், தந்தி அறாமல், முழுப் பாடலுக்கும் வாசித்துவிடுவார். உயிரில்லாத ஒலி, விலகலே இல்லை என்று இவர் முகம் சுளிப்பார். பிறகு, தம் கிட்டாரைச் சேர்ப்பதற்காக அதே கீபோர்டில் ஒரு சுரத்தை அழுத்திப் பிடிக்கச் சொல்லிக் கேட்பார். பந்தியில் இரண்டாம் வரிசை எழுந்து மூன்றாம் வரிசை அமரும்வரை கீபோர்டுகாரர் விரலை எடுப்பதில்லை.