எனக்கு முன்பே தெரிந்த வருமானம்

சொந்தமாகத் தொழில் செய்கிறவனுக்கு முதலாளி கிடையாது என்பார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் நான் வேலையை விட்டுவிட்டு, மோட்டார் பம்பு, மிக்ஸி, கிரைண்டர் கையேடுகளைத் தமிழில் எழுதித் தரக் கிளம்பியபோது எனக்கு ஏகப்பட்ட முதலாளிகள் வாய்த்தார்கள். ஒவ்வொரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவிலும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வேலை கொடுத்த மேனேஜர் காபி சொல்வார். செக்கையும், செக்கைவிட அரிய பொருளான 16ஏ படிவத்தையும் தர வேண்டியவர் இவர்தான்.

பில் தொகையில் 5 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். 2007 ஜூனில் அது 10 சதவீதமானது. பிடித்த பணம் என் பேரில் அரசாங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அந்தக் காலத்தில் 16ஏ தாள் ஒன்றுதான் சாட்சி. அதில் கையெழுத்துப் போடுகிறவர் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார், அல்லது அவர் மகளுக்குக் கல்யாணமாக இருக்கும். “அடுத்த வாரம் வாங்க சார், ரெடியா இருக்கும்” என்பார்கள். எந்த வாரத்துக்கு அடுத்த வாரம் என்று கேட்கிற துணிச்சல் எனக்கு வந்ததில்லை. அடுத்த கையேடும் அங்கிருந்துதான் வர வேண்டும்.

சேர்ந்த தாள்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மேற்கு மாம்பலத்தில் ஆடிட்டர் வீட்டுக்குப் போவேன். அவர் பையைக் கவிழ்த்து, ஆட்டோ ரசீது, ஸ்டேஷனரி பில், டெலிபோன் பில் என்று பிரித்துவிட்டு, “கணக்குப் புஸ்தகம் எங்கப்பா?” என்பார். குறிப்பிட்ட தொழில்காரர்கள் ரொக்கப் புத்தகம், பேரேடு எல்லாவற்றோடு, 25 ரூபாய்க்கு மேல் கொடுத்த பில்களின் நகலையும் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு விதியே உண்டு. கடைசியில் சரள் என்ற ரிட்டர்ன் படிவத்தில் எல்லாம் அடங்கிவிடும். ஜூலை கடைசியில் வரிசையில் நின்று கொடுத்து, ஒப்புகைச் சீட்டில் ரவுண்டு சீல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் சரவண பவனில் டிபன். என் வருமானத்தைப் பற்றி அரசாங்கத்துக்கு நான் சொன்னதைத் தவிர வேறெதுவும் தெரியாது என்ற நிம்மதியில் அந்த வடை நன்றாகவே இறங்கும்.

பிறகு கணினி வந்தது. முதலில் அது வந்த விதம் அலாதியானது. ரிட்டர்னை இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். செய்தபின் ஐடிஆர்-வி என்ற ஒரு பக்கத்தை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, பெங்களூருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். கூரியர் கூடாது, சாதாரணத் தபால் அல்லது ஸ்பீட் போஸ்ட் மட்டும். போய்ச் சேர 120 நாள் அவகாசம். முகவரி: அஞ்சல் பை எண் 1, எலெக்ட்ரானிக் சிட்டி தபால் நிலையம். மின்னணு நகரத்துக்குத் தபால்தலை ஒட்டி அனுப்பிய தலைமுறை என்று பேரப்பிள்ளைகளிடம் நாங்கள் சொல்லிக்கொள்ளலாம். 2015-ல் ஆதார் ஓடிபி மூலம் ரிட்டர்னை உறுதிசெய்யும் வசதி வந்து அந்தத் தபால் உறவையும் முறித்தது.

இப்போது மஞ்சள் பை இல்லை. பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் என்ற பட்டியல் இணையத்தில் இருக்கிறது, 2021 நவம்பரிலிருந்து ஏஐஎஸ் (ஆண்டுத் தகவல் அறிக்கை) என்ற பெரிய ஜாதகமும் இருக்கிறது. எந்தக் கம்பெனி எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு பிடித்தது, சேமிப்புக் கணக்கில் வந்த வட்டி, அப்பா எப்போதோ வாங்கிப்போட்ட பங்குக்கு வந்த அற்ப டிவிடெண்ட் எல்லாம் அதில் வரிசையாக நிற்கின்றன. டிவிடெண்ட் வந்த விஷயம் என் மனைவிக்கே அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. இவ்வளவும் தெரிந்தவர்கள் என்னை எதற்குக் கேட்கிறார்கள் என்று ஆடிட்டரிடம் கேட்டேன். “நீ ஒத்துக்கறியான்னு பாக்கறாங்கப்பா” என்றார்.

வேடிக்கை அதோடு முடியவில்லை. பணத்தைக் கொடுக்கும்போதோ கணக்கில் வரவு வைக்கும்போதோ, எது முந்தியோ அப்போதே கம்பெனி வரி பிடித்தாக வேண்டும் என்பது சட்டம். ஆகவே மார்ச் 31 அன்று என் பில்லைக் கணக்கில் ஏற்றி, வரியைப் பிடித்து, ஒழுங்காகக் கட்டிவிடுகிறார்கள். மீதிப் பணம் மட்டும் தீபாவளிக்கு வருகிறது, சில சமயம் பொங்கலுக்கு. அரசாங்கத்தின் பட்டியலில் நான் சம்பாதித்துவிட்டேன். என் பாஸ்புக்குக்குத்தான் சேதி எட்டவில்லை. முன்பெல்லாம் பணம் வந்துவிடும், அதற்கான தாள் வராது. இப்போது தாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஏஐஎஸ்-ஸில் ‘இந்தத் தகவல் சரியில்லை’ என்று சொல்ல வசதி இருக்கிறது. ‘சரிதான், ஆனால் பணம் இன்னும் கைக்கு வரவில்லை’ என்று புலம்ப அதில் ஒரு பொத்தான் வைத்தால் புண்ணியமாகப் போகும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2016-ல் வந்த 44ஏடிஏ பிரிவு உண்மையிலேயே பெரிய உபகாரம். வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்கமாக வந்தது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் பிறகு 75 லட்சம்) அதில் பாதியை லாபமாகக் காட்டிவிட்டு, கணக்குப் புத்தகத்துக்கு முழுக்குப் போடலாம். ஆனால் இது எல்லாருக்கும் இல்லை. வக்கீல், டாக்டர், இன்ஜினியர், தொழில்நுட்ப ஆலோசகர் என்று பட்டியல் போகிறது. சினிமாக்காரர்களில் கதாசிரியர், வசனகர்த்தா, பாடலாசிரியர், உடை வடிவமைப்பவர் வரை இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லை, கையேடு எழுதுகிறவர் பெயரும் இல்லை. பம்பு கையேடு எழுதுவது தொழில்நுட்ப ஆலோசனையில் சேருமா என்று ஆடிட்டர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து யோசித்தார். “பேசாம ஏதாவது படத்துக்கு வசனம் எழுதிடுப்பா” என்றார். எழுபது வயதில் அவர் அடித்த ஒரே ஜோக் அதுதான் என்று நினைக்கிறேன்.

புதிதாக இந்தத் தொழிலில் இறங்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. ஏப்ரலிலேயே ரிட்டர்ன் போட்டுவிட அவசரப்படாதீர்கள். கடைசிக் காலாண்டில் பிடித்த வரியின் (டிடிஎஸ்) விவரத்தைக் கொடுக்கக் கம்பெனிகளுக்கு மே 31 வரை நேரம் உண்டு. ஜூன் பாதி கழிந்தபின் 26ஏஎஸ்-ஸை உங்கள் பில்களோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பிடித்த பணம் அதில் ஏறவில்லை என்றால், கடைசித் தேதி நெருங்கும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள்.