இன்னும் சற்றுத் தள்ளி

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்துக் கிழக்குப் பகுதியில், டேனியல் பூன் தேசியக் காட்டுக்குள் அமைந்த ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் நூற்றுக்கு மேற்பட்ட இயற்கைக் கல்வளைவுகள் உண்டு. ஆனால் கூடாரம் அடிக்கத் தகுந்த இடம் ஒன்றுகூட இல்லை என்பதே, குழுவின் முன்னால் நடந்து செல்பவர் கண்ட முடிந்த முடிபு. சின்சினாட்டியிலிருந்தோ லெக்சிங்டனிலிருந்தோ வார இறுதியில் புறப்பட்டு வரும் எந்தக் குழுவிலும் இவர் ஒருவர் இருந்தே தீருவார். இவர் வாய்க்காத குழு, பொழுது சாய்வதற்குள் உண்டு முடித்துக் கால் நீட்டியிருக்கும்.

நியாயம் ஓரளவு இவர் பக்கமும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. இப்பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறைகள் மணற்கல்லால் ஆனவை. அவற்றின் அடியிலுள்ள மென்மையான படுகைகள் நீராலும் உறைபனியாலும் உதிர்ந்துபோக, மேற்பாறை கூரையாக நீண்டு நிற்கும் குடைவுகள் உண்டாகின்றன. இவற்றைப் பாறை ஒதுக்குகள் என்பர். குறுகிய மலைமுகடு ஒன்றின் இருபுறமும் இவ்வாறு குடைந்துகொண்டே வந்து நடுவில் சந்திக்கும்போது கல்வளைவு பிறக்கிறது. வளைவு பிறப்பதற்கு முகடு மெலிந்திருக்க வேண்டும். மெலிந்த முகட்டில் சமதளம் அரிது. கிடைக்கிற சமதளத்தில் தண்ணீர் இராது. தண்ணீர் ஓடும் கீழ்ச்சரிவிலோ படுத்தவர் விடிவதற்குள் கூடாரத்தின் மறுமூலைக்கு வழுக்கிச் சென்றிருப்பார்.

இயற்கை விதித்த இந்தத் தட்டுப்பாட்டோடு வனத்துறையின் விதிகளும் சேர்கின்றன. சாலையிலிருந்தும் பராமரிக்கப்படும் நடைபாதையிலிருந்தும் 300 அடிக்குள்ளும், செங்குத்துப் பாறையின் அடிவாரத்திலிருந்து 100 அடிக்குள்ளும் தங்கக் கூடாது. மற்றவர்கள் இதைக் கண்ணளவில் மதிப்பிட்டு, மனசாட்சிக்காகச் சற்றுத் தள்ளிப் போய் முளையடிப்பார்கள். முன்னால் நடப்பவரோ காலடியால் அளப்பவர். நேர்கோட்டில்தான் அளக்க வேண்டும் என்பவர். நேர்கோட்டின் நடுவே ரோடோடென்ட்ரான் புதர் குறுக்கிட்டால், அதற்குள் புகுந்து, கீறல்களோடு மறுபக்கம் வெளிவந்து, எண்ணிக்கை விட்டுப்போயிற்று என்று அறிவித்து, பாதைக்குத் திரும்பி முதலிலிருந்து தொடங்குவார். இவ்வளவு பாடுபட்டு அளந்து அடைந்த இடத்தில் சுமையை இறக்கலாம் என்று யாரேனும் தோள்பட்டையைத் தளர்த்தும் நேரம் பார்த்து, “இடம் மோசமில்லை, ஆனாலும் இன்னும் சற்றுத் தள்ளிப் பார்த்துவிடுவோமே” என்று மெல்லச் சொல்வார். பெண் பார்க்க வந்த வீட்டில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று எழுந்துகொள்ளும் மாப்பிள்ளை வீட்டாரின் முகக்குறிப்பு அப்போது அவரிடம் தெரியும்.

அவர் நிராகரிப்பதற்குச் சொல்லும் காரணங்கள் தனித்தனியே பார்த்தால் மறுக்க முடியாதவை என்பதுதான் கொடுமை. ஓரிடத்தில் பட்டுப்போன ஹெம்லாக் மரம் நிற்கிறது. ஊசியிலை மரமாகிய இது, கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த சாறுறிஞ்சும் பூச்சியொன்றால் இக்காடுகளில் பெருவாரியாக மடிந்து வருவதால், காற்றடித்தால் தலைமேல் விழக்கூடும். இன்னோரிடத்தில் நிலம் நன்று, மரம் சரியில்லை. கருங்கரடிகள் நடமாடும் காடாகையால் உணவுப் பையைத் தரையிலிருந்து 10 அடி உயரத்திலும் அடிமரத்திலிருந்து 4 அடி விலகியும் தொங்கவிட வேண்டும். அதற்குத் தோதான கிளை அங்கே இல்லை. மூன்றாவது இடத்தில் கிளை உண்டு, ஆனால் காலை வெயில் கிழக்கிலிருந்து வருகிறது. வெயில் வேறெந்தத் திசையிலிருந்து வரும் என்று கேட்கும் தெம்பு அந்நேரத்தில் குழுவில் எவருக்கும் இருப்பதில்லை.

ஆற்றங்கரையில் அமர்ந்துவிட்டவர்களை எழுப்புவதற்கு வரலாறும் அவருக்குக் கைகொடுக்கும். இந்த ஆற்றில் அணை கட்டுவதற்கு ராணுவப் பொறியாளர் படை திட்டமிட்டதையும், அதை எதிர்த்து உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1967 நவம்பரில் இங்கு வந்து காட்டுக்குள் நடந்ததையும், பின்னர் திட்டம் கைவிடப்பட்டதையும் சொல்லி, நீதிபதியே நடந்தபோது நாம் உட்காரலாமா என்ற தொனியில் முடிப்பார். 

ஒன்றில் மட்டும் அவரை வணங்கத்தான் வேண்டும். மழை தூறும்போது, தட்டையாகவும் உலர்ந்தும் கிடக்கும் பாறை ஒதுக்கைப் பார்த்துக் குழு முழுவதும் சபலப்பட, அவர் ஒருவரே குறுக்கே நிற்பார். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மக்கள் 3000 ஆண்டுகளுக்கு முன்பே செடிகளைப் பயிராக்கினர் என்பதற்குச் சான்றான விதைகள், இத்தகைய ஒதுக்குகளின் உலர்மண்ணில்தான் கிடைத்தன. மஞ்சள் பூப்பூக்கும் வெண்ரோமக் கோல்டன்ராட் என்னும் செடி, உலகில் இந்தப் பள்ளத்தாக்கின் ஒதுக்குகளிலும் பாறையடிகளிலும் மட்டுமே வளர்வது. 1988-இல் அழியும் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, மிதித்துத் துவைக்காமல் மனிதர்கள் விலகிக்கொண்டதும் உதவ, 2016-இல் பட்டியலிலிருந்து நீங்கியது. அந்தச் செடியருகே குனிந்து, ஒரு தண்டையும் தொடாமல், குரல் தாழ்த்தி அவர் விளக்கும்போது, கால்வலியையும் மறந்து அவர்மீது பிரியம் சுரப்பதுண்டு.

சுரந்த பிரியம் இருட்டும்வரைதான். இருட்டிய பிறகும் அவர் நிற்பதில்லை என்பதே அவர்மீதுள்ள உண்மையான குற்றச்சாட்டு. இதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. இப்பள்ளத்தாக்கின் முகட்டு விளிம்புகளுக்குப் பெரும்பாலும் வேலி கிடையாது; புதர் முடிகிற இடத்தில் தரையும் முடிந்துவிடும்; இரவில் விளிம்பு தெரியாமல் விழுந்து உயிரிழந்தவர்கள் இங்கே பலர். நெற்றி விளக்கின் சிறு வெளிச்சத்தில் களைத்த பிள்ளைகளையும் நடத்திக்கொண்டு, போன முறை பார்த்த அருமையான இடத்தைத் தேடுவது அனுபவம் ஆகாது, பிடிவாதம் அது. கால்வாசிச் சரிவுள்ள நிலத்தில் வேர்மீது படுத்து உறக்கம் வராமல் கிடந்தவர்கள் காலையில் முதுகைப் பிடித்துக்கொள்வார்கள். விளிம்பில் கால் வைத்தவர்களுக்கு அந்தக் காலை இல்லை.

ஆகவே குழுக்கள் இப்போது அவரிடம் சொல்லாமலே, வனத்துறை நடத்தும் கூமர் ரிட்ஜ் முகாமில் இடம் பிடித்துவிடுகின்றன. அங்கே நிலம் சமன்செய்யப்பட்டிருக்கும், மேசை போடப்பட்டிருக்கும், ஒவ்வோர் இடத்துக்கும் எண் இருக்கும், பணமும் கட்டியாயிற்று. அவரும் வருவார், காரிலிருந்து இறங்குவார், மற்றவர்கள் முளையடித்துக்கொண்டிருக்க, முகாமை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, அந்தக் கோடியில் இருக்கும் இடம் இதைவிட நன்றாக இருக்கிறது என்பார்.