சவுக்குத் தோப்பில் ஒரு வனவாசம்

குடும்பத்தோடு ஒருநாளேனும் வனசஞ்சாரம் செய்தாலன்றித் தேக ஆரோக்கியம் நிலைக்காது என்று எங்கள் வீட்டில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியதன் விளைவாக, புளியோதரைத் தூக்கு, ஜமக்காளம், தண்ணீர்க் கூஜா, பாட்டியின் தைலப் புட்டி ஆகிய பரிவாரங்களுடன், சென்ற ஞாயிறன்று மாமல்லபுரத்துக் கடலோரச் சவுக்குத் தோப்பொன்றில் பிரவேசித்தோம். வனமென்று நாங்கள் பரவசப்பட்ட அம்மரங்கள் யாவும் அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய்களைப்போல் வரிசை பிசகாமல் நின்றதற்குக் காரணம், அவை அடுப்புக்கும் கட்டடச் சாரத்துக்குமென்று நட்டு, நாலைந்து வருஷங்களில் வெட்டப்படும் பயிர் என்பதே. இயற்கை அன்னையின் மடியென்று பாட்டி சாய்ந்துகொண்டது, உண்மையில் வருங்கால விறகின்மேல். இலையென்று குழந்தைகள் பறித்ததும் இலையல்ல, கணுக்கணுவாய்க் கழலும் பச்சைக் குச்சி. மெய்யான இலைகள் அக்கணுக்களில் நுண்ணிய செதில்களாக ஒட்டியிருக்கும் விசேஷத்தை நான் உபந்நியசிக்கத் தொடங்கிய தருணம் பார்த்து, புளியோதரை பரிமாறப்பட்டது.

காட்டுமிருகத்தைக் காணாமல் வீடு திரும்புவதில்லை என்று குழந்தைகள் சத்தியாக்கிரகம் செய்யவே, ஊருக்குள் வந்து அர்ஜுனன் தபசு என்னும் சிற்பப் பாறையின் முன் நின்றோம். தோப்பில் ஓர் அணிலையும் காணாத கண்களுக்கு அங்கே யானைகளும் சிங்கங்களும் மான்களும், முன்னங்கால்களை உயர்த்திக் கடுந்தவம் புரியும் பூனையும், அதன் வைராக்கியத்தை நம்பி வணங்கும் அப்பாவி எலிகளும், பல்லவர் காலந்தொட்டுச் சுமார் 1,300 ஆண்டுகளாக ஒருங்கே தரிசனம் தந்துகொண்டிருந்தன.

பாட்டிக்கு மட்டும் தோப்புதான் காடு. அடுத்த ஞாயிறும் அங்கேதான் போகிறோம், அதற்குள் வெட்டாதிருந்தால்.